ஆளில்லாப் பகுதி

இரண்டு எஞ்சினில் ஒன்று செத்துப்போன விமானம் நேராகப் போகாது. ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும். அறிவழகன் பதினெட்டு நிமிடமாக அந்த இழுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்தான். இடது கால் மரத்துவிட்டது. அந்தக் காலால்தான் இன்னும் உதைத்துப் பிடித்திருந்தான்.

சண்டை தொடங்கி அன்றைக்கு ஒன்பதாவது நாள். லெப்டினன்ட் கமாண்டர் அறிவழகனுக்கு வயது முப்பத்தொன்று. விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து கிளம்புகிற போர் விமானம் ஓட்டுபவன். நம் கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோகும் டாங்கர் கப்பலைத் தேடி எதிரியின் ட்ரோன்கள் நான்கு காலையில் அலைக்கு மேலே தாழ்வாகப் பறந்து வந்தன. அவனும் அவன் கூட்டாளி சுரேஷும் போய் மறித்தார்கள். ஆளுக்கு இரண்டாக நான்கையும் வீழ்த்தினார்கள். ஆனால் கடைசி ட்ரோன் வெடித்தது அறிவழகனின் மூக்குக்கு நேரே. அதன் சில்லுகளை வலது எஞ்சின் விழுங்கிவிட்டது. அந்தத் தீனி எந்த எஞ்சினுக்கும் ஒத்துக்கொள்ளாது. தீப்பிடித்தது, அணைத்தான், அத்தோடு அதன் கதை முடிந்தது.

இது போதாதென்று இன்னொரு தொல்லை. இடது இறக்கைக்குக் கீழே ஒரு ஏவுகணை சுடாமல் மிச்சமிருந்தது. அதைக் கடலில் தள்ளிவிடலாம் என்று நான்கு முறை பொத்தானை அமுக்கிப் பார்த்தான். வந்த வீட்டில் சட்டமாக உட்கார்ந்துவிட்ட விருந்தாளி மாதிரி அது நகரவே இல்லை. இந்த லட்சணத்தில் எண்ணெயும் குண்டும் நிறைந்த கப்பலில் வந்து இறங்காதே, கரைக்குப் போ என்று உத்தரவு வந்தது. நியாயமான உத்தரவுதான். சுரேஷ் கொஞ்ச தூரம் ஒட்டிப் பறந்து அடியில் பார்த்தான்.

"மச்சி, இடது பக்கமும் லேசா புகை வருது. ரொம்ப நேரம் தாங்காது. பாத்துப் போ" என்றான். கப்பலைக் காக்க ஆள் வேண்டும் என்பதால் அவன் திரும்பிப் போனான்.

அப்போதே நடுக்கடலில் குதித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் போர்க்காலத்தில் ஒரு விமானம் போனால் போனதுதான், மறுநாள் காலையில் அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து நிற்காது. ஓடுகிற எஞ்சின் ஓடுகிறவரைக்கும் கொண்டுபோய் ஓடுபாதையில் வைத்துவிடுவது என்று அறிவழகன் முடிவு செய்திருந்தான். சின்ன வயதிலிருந்தே அழுத்தக்காரன். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான்.

கரை தெரிந்தது. என்ன ஊர் என்று கருவியைப் பார்க்கவேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. சவுக்குத் தோப்பு, அதை அடுத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதற்கும் மேற்கே கண் கூசுகிற மாதிரி சதுரம் சதுரமாக மரக்காணத்து உப்பளம். தூரத்தில் பெருமுக்கல் மலை. அவன் பிறந்து வளர்ந்த ஊர். மூவாயிரம் அடிக்கு மேலே இருந்துகொண்டு, இன்னும் பத்து நிமிடம் தாங்கினால் போதும், நாம் தப்பித்தோம் என்று நினைத்தான்.

எஞ்சின் அதைக் கேட்டுவிட்டதோ என்னவோ, சாலையைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் உள்ளே போனதும் உதறத் தொடங்கியது. எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் சரசரவென்று கீழே இறங்கியது. வேகம் குறைந்தது. உயரமும் குறைந்தது. அவன் ரேடியோவில் சொன்னான்.

கரைத் தளத்திலிருந்து வழிகாட்டியது லெப்டினன்ட் சந்தியா. அவளை அவன் நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டுந்தான் பழக்கம். எதற்கும் பதறாத குரல். அவள் முன்னால் ஒரு திரையும் ஒரு வரைபடமும் இருந்தன. விமானம் இனி ஓடுபாதைக்கு வந்து சேராது என்பதை அவள் அவனுக்கு முன்னாலேயே கணக்குப் போட்டுவிட்டாள்.

"சார், நீங்கள் வந்து சேர முடியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "உங்களுக்கு இடது பக்கம், மூன்று கிலோமீட்டரில் உப்பு நிலம். ஆளில்லாப் பகுதி. விமானத்தின் மூக்கை அங்கே திருப்பிவிட்டு உடனே வெளியே வாருங்கள். உயரம் இருக்கும்போதே வாருங்கள்."

சட்டப்படி அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. நின்றுபோகிற விமானத்தை ஊர்மேல் போடாமல் வெற்று நிலத்தில் போடவேண்டும். அந்த வெற்று நிலம் எது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறார்கள். மூவாயிரம் அடி உயரத்தில் குதித்தால் பாராசூட் அழகாக விரியும். எலும்புக்குச் சேதம் இல்லை. கீழே ஏதாவது ஒரு புளியந்தோப்பில் இறங்கித் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம்.

அறிவழகன் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு மணி பத்து நிமிடம்.

எட்டே காலுக்கு உப்பளத்தில் என்ன நடக்கும் என்று அந்தக் கடற்படையிலேயே தெரிந்தவன் அவன் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும். வெயில் காலத்தில் அங்கே விடியற்காலை நாலு மணிக்கே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். நீளக் கழி பூட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவார்கள். எட்டு மணிக்கு அதைக் கூடைகூடையாகத் தலையில் தூக்கிக்கொண்டுபோய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டுகிற நேரம். ஒவ்வொரு வரப்பிலும் வரிசையாகப் பெண்கள் போய்க்கொண்டிருப்பார்கள். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. எல்லாம் உப்பு படிந்து உப்பின் நிறத்துக்கே வந்துவிட்டிருக்கும். வெள்ளைக்குமேல் வெள்ளை. மேலே இருந்து பார்க்கிற எவனுக்கும், எந்தக் கேமராவுக்கும் தெரியாது. பத்து மணிக்குமேல் போனால் ஈ காக்கை இருக்காது. வரைபடம் எடுத்தவர்கள் மத்தியானத்தில் வந்து பார்த்திருப்பார்கள். காகிதத்தில் வெள்ளையாக இருந்தால் அங்கே மனுஷன் இல்லை என்று நினைத்துக்கொள்வது படித்தவர்களைப் பிடித்த ஒரு வியாதி.

அந்தப் பெண்களில் ஒருத்தி அவனுடைய அம்மா அம்சவள்ளி. மகன் அதிகாரியாகிப் பத்து வருடமாகியும் அவள் அளத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஊட்டுல குந்திக்கினு செவுத்தையா பாக்கச் சொல்ற என்பாள்.

சந்தியாவின் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் தன்மேலேயே வந்தது. ஏழு மாதத்துக்கு முன்பு இதே வரைபடத்தைக் கரைத் தளத்தில் ஒரு கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார்கள். மரக்காணம் உப்பு நிலம், ஆளில்லாப் பகுதி. யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டார்கள். அறிவழகன் வாயைத் திறந்தான். அங்கே காலையில் ஆள் இருக்கும் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் அம்மா அங்கே உப்பு வாருகிறாள் என்று சொல்லவேண்டி வரும். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கர்னல் வீட்டுப் பிள்ளைகள், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள். பாண்டிச்சேரி பக்கத்தில் எங்களுக்கு நிலம் இருக்கிறது என்றுதான் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். மேஜையில் இருந்த டீயை எடுத்துக் குடித்தான்.

அந்த ஒரு வாய் டீ இப்போது தொண்டையில் வந்து நின்றது.

"சார், திரும்புங்கள். இடது பக்கம்" என்றாள் சந்தியா.

அவன் ஆங்கிலத்தை விட்டுவிட்டான். "சந்தியா, அங்க போட முடியாது. அங்க ஆளுங்க இருக்குறாங்க."

 அவளும் தமிழுக்கு வந்தாள். "சார், மேப்புல ஒண்ணும் இல்லையே. வெறும் உப்புதான் சார்."

"உப்பு தானா வந்து குவியாதும்மா. இந்நேரத்துக்கு நூறு பொம்பளைங்க கூடையோட வரப்பு மேல நிப்பாங்க. நான் கடலுக்குத் திருப்புறேன்."

"கடல் உங்களுக்குப் பின்னாடி அஞ்சு கிலோமீட்டர் சார். திரும்பற திருப்பத்துலயே உயரம் போயிடும். வேணாம் சார்."

"கடல்ல படகு இருக்குதா பாரு."

அவள் பார்த்தாள். சண்டை தொடங்கிய நாளிலிருந்து யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள். ஊர்ப் படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன. "ஒண்ணும் இல்ல சார். காலியா இருக்குது."

"அது போதும்" என்றான்.

வலது பக்கம் திருப்பினான். செத்த எஞ்சின் பக்கமாகத் திருப்பக்கூடாது என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இடது பக்கம் திருப்பினால் அந்த வட்டம் உப்பளத்தின் தலைமேலேயே போகும். பாதியில் எஞ்சின் நின்றால் எதற்காகத் திருப்பினானோ அதுவே நடந்துவிடும். வலது பக்கம் முள்ளுக்காடும் வறண்ட ஏரியும்தான். பாடத்தை ஒதுக்கி வைத்தான்.

விமானம் வலது பக்கமாகச் சாய்ந்ததும் அப்படியே மல்லாந்துவிடப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினான். இரண்டாயிரத்து நானூறு அடி. இரண்டாயிரம். இடது எஞ்சினுக்கான தீ விளக்கு சிவப்பாக எரிய ஆரம்பித்தது. அந்த விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்கவேண்டும். அணைத்தால் விமானம் கல்லாகிவிடும். எரியட்டும் என்று விட்டுவிட்டான். எச்சரிக்கை மணி காதைத் துளைத்தது. அதையும் அதன்பாட்டுக்கு விட்டுவிட்டான்.

ஆயிரத்து முந்நூறு. பாதித் திருப்பம் முடிந்திருந்தது. கைப்பிடி இரும்புத் தூணாக இறுகிக்கொண்டு வந்தது. பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.  ஆளை இருக்கையோடு வெளியே வீசுவதற்காகத் தொடைக்கு நடுவே இருந்த மஞ்சள் வளையத்தை இழுத்தால் இந்த நொடியே எல்லாம் முடிந்துவிடும் என்று கை சொன்னது. இரு, இரு என்று அவன் கையிடமே சத்தமாகச் சொன்னான்.

"தொள்ளாயிரம் அடி சார். வெளிய வாங்க" என்றாள் சந்தியா. பதறாத குரல் பதறியது. "போதும் சார். ப்ளீஸ்."

"ஏவுகணை தொங்குது. ரோட்டத் தாண்டணும்."

மூக்கு கடலுக்கு நேராக வந்தது. சாலையில் ஒரு பேருந்தும் இரண்டு டூவீலரும் ஓரங்கட்டி நின்றன. சவுக்குத் தோப்பின் உச்சிகள் மேலே ஏறி வருவதுபோல் இருந்தது. அறுநூறு அடி. மணல். மணலில் கிடக்கும் படகுகள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நாலா பக்கமும் ஓடினார்கள். நானூறு. அலை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போனால்தான் ஏவுகணை வெடித்தாலும் யார்மேலும் படாது.

எஞ்சின் ஒரு பெரிய இருமல் இருமி நின்றது. திடீரென்று அமைதி. மூக்கு கீழே கவிழ்ந்தது. கடைசி பலத்தையெல்லாம் கூட்டி மூக்கை ஒரு முழம் தூக்கினான். பிறகுதான் வளையத்தை இழுத்தான்.

பாராசூட் முழுதாக விரியவில்லை. தண்ணீர் கருங்கல் தளம்போல முதுகில் அறைந்தது. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு வெடிச்சத்தம். நீர்த்தூண் ஒன்று எழும்பி விழுந்தது. அதை அவன் பார்க்கவில்லை, கேட்கத்தான் செய்தான்.

போலீஸ் உத்தரவாவது ஒன்றாவது என்று மணலில் கிடந்த படகுகளில் ஒன்று அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்தது. படகை ஓட்டியவர் ஆரோக்கியராஜ், கூட வந்தவர் சவரிமுத்து. இரண்டு பேரும் ஹெல்மெட்டும் கயிறுமாக மிதந்தவனைப் பார்த்து ஒரு நொடி தயங்கினார்கள்.

"ஏம்பா, இவன் நம்மாளா, அவனுங்க ஆளா?" என்றார் சவரிமுத்து.

"யாரா இருந்தா இன்னாய்யா? தண்ணியில கெடக்குறான், முதல்ல தூக்கு. கழுத்த ஆட்டாத."

அறிவழகன் கண்ணைத் திறந்தான். "நம்மாளுதாண்ணே. மரக்காணந்தான்" என்றான். "அளத்துல ஏதாச்சும் வுழுந்துதா?"

"அங்க ஒண்ணும் வுழல. இப்பத்தான் அளத்துலேருந்து போன் வந்துது, எல்லாம் வரப்பு மேல நின்னுக்கினு இந்தப் பக்கந்தான் பாத்துனு இருக்குதுங்களாம். நீ மரக்காணமா? யாரு ஊட்டுப் புள்ள?"

பத்து வருடமாக எத்தனையோ இடத்தில் எத்தனையோ விதமாகச் சுற்றி வளைத்துப் பதில் சொன்ன கேள்வி. படகில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, வாயில் உப்புத் தண்ணீர் வழிய, நேராகச் சொன்னான். "அம்சவள்ளி மவன். அளத்துல உப்பு வார்றாங்களே."

"அட, நம்ம அம்சவள்ளியக்கா புள்ளையா!" என்று ஆரோக்கியராஜ் எஞ்சினை முடுக்கினார்.

முதுகெலும்பில் இரண்டு எலும்பு நசுங்கியிருந்தது. சென்னையில் மருத்துவமனையில் மரப்பலகை மாதிரி படுக்க வைத்துவிட்டார்கள். வருகிற டாக்டரிடமெல்லாம் எப்போது மறுபடி பறக்கலாம் என்று கேட்டான். எழுந்து உட்காருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். மறுநாளும் அதையே கேட்டான். அதற்கும் மறுநாள் ஒரு நர்ஸ், இவர் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடலாம் என்று, "ஆறு மாசம் சார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.

நான்காவது நாள் அம்சவள்ளி வந்து சேர்ந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெடித்துக் காய்ந்த விரல்களால் அவன் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது முடித்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்த நேரத்தில் கேப்டன் தட்சணாமூர்த்தி உள்ளே வந்தார். விமானம் எப்படிப் போனது என்று விசாரித்து எழுதவேண்டிய அதிகாரி. தமிழர். அம்மா எழுந்திருக்கப் போனாள், உட்காருங்கம்மா என்றார்.

எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு எழுதினார். கடைசியில் பேனாவை நிறுத்தினார்.

"வரைபடத்துல ஆளில்லாப் பகுதின்னு தெளிவா இருக்கு. அங்க ஆள் இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்கம்மா அங்கதான் வேலை செய்யறாங்க சார். இவங்கதான்."

கேப்டன் அவளைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு நீங்க அங்க..."

"நான் அன்னிக்குப் போவலிங்க" என்றாள் அம்சவள்ளி. "காய்ச்சல். ஊட்டுல படுத்துனுருந்தேன்."

 அறிவழகனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் பழத்தை உரிப்பதை விடவில்லை.

"நான் போவலன்னா இன்னாங்க? சின்னப்பாப்பா போனா. திரௌபதி போனா, அவளுக்கு இது ஆறாம் மாசம். அவ மாமியா போச்சு. எங்க பக்கத்துல மட்டும் அறுவத்திரண்டு பேரு. பிளேனு திரும்புனத எல்லாருந்தான் பாத்தாங்களாம். எங்க மேலதான் வுழப்போவுதுன்னு கூடையப் போட்டுட்டுக் கண்ண மூடிக்கினாங்களாம். கண்ணத் தொறந்தா அது அந்தாண்ட போவுதாம்."

கேப்டன் அறுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இந்த வரைபடத்தை முடிவு செஞ்ச கூட்டத்துல நீங்களும் இருந்ததா பதிவு இருக்கு. அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கவனிக்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். அடிபட்டுக் கிடப்பவனை யாரும் தோண்டித் துருவமாட்டார்கள். அம்மா வேறு பக்கத்தில் இருந்தாள். அவளை வெளியே போகச் சொல்லவும் ஒரு வழி இருந்தது. அறிவழகன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு கேப்டனைப் பார்த்தான்.

"தெரிஞ்சேதான் சார் பேசாம இருந்தேன். எங்கம்மா உப்பளக் கூலின்னு அந்த ரூம்ல சொல்ல வெக்கமா இருந்துது. அதான் காரணம். அப்படியே எழுதிக்குங்க சார்."

சொல்லி முடித்தபோது கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. அம்மாதான் முந்தானையால் துடைத்தாள்.

"இது எனக்குத் தெரியாதாடா?" என்றாள். "உன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குக் கீழ விவசாயம்னு அச்சடிச்சு எடுத்தாந்தியே. நமக்கு ஏதுடா நெலம்? எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்துட்டு, ஊரெல்லாம் நானேதான் அதக் குடுத்துட்டு வந்தேன்."

 கேப்டன் குனிந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்சவள்ளி ஒரு சுளையை எடுத்து மகன் வாயில் வைத்தாள். பிறகு கேப்டன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இவன் மறுபடியும் பிளேனு ஓட்டுவானா?"

"ஓட்டாம விடமாட்டார் போலிருக்கும்மா."

"ஓட்டட்டும். ஆனா அந்த மேப்புல எங்களப் போட்டுட்டு ஓட்டச் சொல்லுங்க. நாலு மணியிலேருந்து பத்து மணி வரைக்கும் ஆளு இருக்கும்னு போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க." கொஞ்சம் யோசித்தாள். "பத்துக்கு மேல நாங்க ஊட்டுக்குப் பூடுவோம். அதுக்கப்புறம் வேணும்னா போட்டுக்கட்டும், பரவால்ல."

கேப்டன் தட்சணாமூர்த்தி புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, நாலு முதல் பத்து வரை என்று எழுதி, அவளிடம் காட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள்.